யானைக்கு முன்னால் சீட்டு மாறியவர்கள்

பிப்ரவரி 12

மகளுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருப்பாய். பெற்றவர்களை பஸ் நிறுத்தத்தில் மூட்டை மாதிரி இறக்கி வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போகிறவளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம், யார் பேசுவதும் யாருக்கும் கேட்பதில்லை. நேற்று உன் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். "சண்டை போடணும்னா எழுதிப் போடுங்க. எழுதுற நேரமாவது வாய் மூடியிருக்கும்" என்கிறாள். காலை டிரிப் முடிந்து, பள்ளி வேனைக் கழுவி நிறுத்திவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஆசை ஆசையாக வந்தோம். என் மகள் தேசியப் பூங்காவில் ஜீப் ஓட்டி எல்லோருக்கும் மிருகம் காட்டுகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பார்த்ததையும் குறை சொல்ல மாட்டேன். சேற்றுக் கரையில் அந்த முதலை வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்ததே, எங்கள் பழைய டிப்போ மேலாளர் மதியத்தில் நாற்காலியில் தூங்குவது போலவே இருந்தது. நாணலுக்குள் மான் கூட்டம், அந்த நீலப் பறவை, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உன் ஓட்டுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மேடு வருவதற்கு முன்னாலேயே கியரைக் குறைக்க வேண்டும். நீ வண்டி திணறின பிறகு குறைக்கிறாய். கிளட்சிலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாய். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த நான் இதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவன் நான்.

கடைசியில் என்ன ஆனது? முன்னால் யானை, அதுவும் குட்டியோடு. பின்னால் வளைவு. ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் மரம். அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாய். "திருப்ப இடமே இல்லாத இடத்துல யாராவது நிறுத்துவாங்களா?" என்று கேட்டேன். அது ஒரு குற்றமா? அத்தனை விருந்தாளிகள் முன்னால் "அப்போ நீங்களே ஓட்டுங்க!" என்று சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு இறங்கினாய். யானை காதை விரித்தது. நான் உன் சீட்டுக்கு நகர்ந்தேன். அந்த வளைவு முழுக்க ஜீப்பைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்து அத்தனை பேரையும் காப்பாற்றினேன். வண்டியில் ஒரு கீறல் உண்டா? நீயே தேடிப் பார்.

அதற்கு நன்றி சொல்ல உனக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை. இங்கே முடி வெட்டுகிற கடையில் இதைச் சொன்னபோது எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பெற்றவன் என்கிற முறையில் என் கடமையை நான் செய்துவிட்டேன். உன் பூங்காவின் பெரிய அதிகாரிக்கு நேற்று ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். நடந்ததை எல்லாம் விவரமாக எழுதி, உங்கள் ஓட்டுநர் தைரியமான பெண், கொஞ்சம் முன்கோபம், ரிவர்ஸ் பயிற்சிதான் போதவில்லை, நான் இலவசமாக வந்து சொல்லிக் கொடுக்கத் தயார் என்று முடித்திருக்கிறேன். இனியாவது உன்னை மதிப்பார்கள்.

அப்பா


பிப்ரவரி 20

அப்பா,

உங்கள் கடிதம் எனக்கு வருவதற்குள் அதிகாரிக்கு எழுதியது அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்தார். "கொஞ்சம் முன்கோபம்" என்ற இடத்தில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அதன்பிறகு கையை நீட்டினார். ஜீப் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். இங்கே ஓட்டுநர் எக்காரணம் கொண்டும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பார்க்க வந்தவர்கள் யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. இந்தப் பூங்கா தொடங்கிய நாளிலிருந்து இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்த குடும்பம் நம்முடையதுதான். நான் இறங்கினேன், நீங்கள் ஓட்டினீர்கள். யானை கிட்டே வந்தது, நான் ரிவர்ஸ் எடுத்தேன், எல்லோரும் பத்திரம் என்று சொல்லி அதை எப்படியோ மூடி வைத்திருந்தேன். வந்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. புதுசா கல்யாணமான அந்தப் பெண் இறங்கும்போது, "அந்த சீட்டு மாத்துற சீன் சூப்பர் மேடம், தினமும் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவு சுலபமாகத் தப்பித்திருந்தேன். நீங்கள் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பி என் தலையில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள்.

இப்போது நான் வாசலில் இருக்கிற பரிசுப்பொருள் கடையில் இருக்கிறேன். பஞ்சு அடைத்த யானைக்குட்டிகளுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறேன். காலையில் மற்ற ஜீப்புகள் வரிசையாக என் முன்னால் உள்ளே போகின்றன. என்னிடம் வண்டி பழகியவன்கூட ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறான். விசாரணை வைக்கப் போகிறார்களாம். அதில் தப்பு உறுதியானால் என் ஓட்டுநர் அனுமதியை நிரந்தரமாக ரத்து செய்வார்கள். இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு எதுவும் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துமா இப்படிச் செய்தீர்கள்?

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் கதையில் நான் எங்கே? கதவை அறைந்து சாத்தினேன், அதோடு சரி. அதற்குப் பிறகு நான் யானை மேல் ஏறிப் போய்விட்டேனா? பின்சீட்டில் ஏறி நின்று, விருந்தாளிகள் தலைக்கு மேல் எட்டிப் பார்த்து, "வாங்க, வாங்க, ஸ்டியரிங்கை ஒடிங்க, நேராக்குங்க, மரம், மரம்!" என்று தொண்டை கிழியக் கத்தியது யார்? முடி வெட்டுகிற கடையில் அதைச் சொன்னீர்களா?

அந்தப் பள்ளி வேனை எப்போது விடப் போகிறீர்கள்?

இனி யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள். கெஞ்சிக் கேட்கவில்லை. கோபமாகத்தான் சொல்கிறேன்.

மகள்


பிப்ரவரி 27

பொய் சொன்னவளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு வரியில் கண் அப்படியே நின்றுவிட்டது. "நான் ரிவர்ஸ் எடுத்தேன்." நீயா? நீயா ரிவர்ஸ் எடுத்தாய்? நான் ஓட்டியதை உன் பெயரில் எழுதிக்கொண்டு, மாட்டிக்கொண்டதும் என் மேல் பாய்கிறாயா? பணத்தைத் திருடினால்கூட மன்னிப்பேன். ஒரு ஓட்டுநர் ஓட்டியதைத் திருடுவது என்ன புத்தி? உள்ளதைச் சொன்னவன் நான். வேலை போகும் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? நல்லது செய்யப் போனேன். எங்கள் டிப்போவில் இப்படி ஒரு பாராட்டுக் கடிதம் வந்தால் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். உங்கள் ஆபீஸில் சாவியைப் பிடுங்குகிறார்கள் என்றால் அது ஆபீஸா, என்ன இழவு அது?

பின்னால் நின்று கத்தினாயாம். கத்தினாய், இல்லை என்று சொல்லவில்லை. பஸ்ஸை டிப்போவுக்குள் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் இறங்கி நின்று சத்தம் கொடுப்பார். அதற்காக பஸ்ஸை ஓட்டியது கண்டக்டர் என்று யாராவது சொல்வார்களா? நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் நான் எடுத்திருப்பேன்.

வேன் பேச்சை எதற்கு எடுத்தாய் என்று புரியவில்லை. வேனுக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம்? சும்மா வீட்டில் உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். பிள்ளைகள் காலையில் "டிரைவர் தாத்தா" என்று கத்திக்கொண்டு ஏறுவது ஒன்றுதான் எனக்கு இருக்கிற மரியாதை. வீட்டில் எப்படியும் கிடையாது. உன் அம்மா உன் கடிதத்தையும் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "அந்த யானைகூட உங்க ரெண்டு பேரைவிட மெதுவாத்தான் கத்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளும் பின்சீட்டில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே. ஒரு வார்த்தை எனக்காகப் பேசக் கூடாதா?

பெரிய அதிகாரிக்கு இன்னொரு கடிதம் எழுதி இதைச் சரி செய்யட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நீ கடித்துக் குதறுவாய்.

அப்பா


மார்ச் 6

அப்பா,

இன்னொரு கடிதம் எழுதினால் நான் வீட்டுப் பக்கமே வர மாட்டேன். இதைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பொய் சொன்னேன், ஆமாம். சாவிக்காகச் சொன்னேன். உங்கள் பெருமையைத் திருடி நான் என்ன செய்யப் போகிறேன்? உங்களிடம் அது மூட்டை மூட்டையாக இருக்கிறதே, ஒரு பிடி எடுத்தால் குறைந்தா போய்விடும்?

நேற்று அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. இந்த வருஷம் ஓட்டுநர்கள் போதவில்லை, என்னை இழக்க அவருக்கும் மனசில்லை. மேஜை மேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே ஒரு வழி சொன்னார். "உங்கப்பா திடீர்னு ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டார், தடுக்கப் பார்த்து நீங்க இறங்க வேண்டியதாயிடுச்சு, இப்படி இருந்தா இது வேற விஷயம்மா. வயசானவர், பதட்டத்துல பண்ணிட்டார். அவருக்குப் பூங்காவுக்குள்ள வரத் தடை, உங்களுக்கு வெறும் எச்சரிக்கை. யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

நான் யோசிக்கவில்லை. முடியாது என்று அங்கேயே சொன்னேன். பாசம் பொங்கி வழிந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என் கையிலிருந்து யாரும் ஸ்டியரிங்கைப் பிடுங்க முடியாது. பிடுங்க விட்டவள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு வண்டியில் ஏறுவேன்? நானாகத்தான் இறங்கினேன். யானைக்கு முன்னால், குட்டியோடு நிற்கிற யானைக்கு முன்னால், உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் கண்ணு மண்ணு தெரியாமல் இறங்கினேன். இந்த வேலையில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அது. காலையிலிருந்து நீங்கள் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தீர்கள். மேட்டில் "ஸ்ஸ்" என்றீர்கள், பள்ளத்தில் "அய்யோ" என்றீர்கள். நான் மானைக் காட்டினால் நீங்கள் கியரைப் பார்த்தீர்கள். என் ஜீப்பில் உட்கார்ந்து நீங்கள் ஒரு மிருகத்தையும் பார்க்கவில்லை அப்பா, என் தப்பைத்தான் பார்த்தீர்கள்.

இருபதாம் தேதி விசாரணை. நீங்கள் வர வேண்டாம், உங்களை யாரும் கூப்பிடவும் இல்லை.

டாக்டரிடம் போனீர்களா என்று அம்மாவிடம் கேட்டால், "தலைகாணி சரியில்லையாம், தைலம் தேய்ச்சுக்கிறார்" என்கிறாள். புதுத் தலையணை வாங்கினீர்களே, அதுவும் சரியில்லையா?

வேனைப் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

மகள்


மார்ச் 10

மகளுக்கு,

சொல்லித் தொலை. நான்தான் பிடுங்கினேன் என்று சொல்லு. கிழவன் புத்தி கெட்டுப் பிடுங்கினான், கை நடுங்கிக்கொண்டு பிடுங்கினான், எப்படி வேண்டுமானாலும் சொல்லு. எனக்குத் தடை போட்டால் என்ன குடி முழுகிவிடும்? உன் முதலையைப் பார்க்காமல் இங்கே யாரும் ஏங்கிச் சாகவில்லை. உனக்குச் சாவி வேண்டும், அதிகாரியே வழி காட்டுகிறார், நீ ரோஷம் பேசுகிறாய். இந்த ரோஷம் யார் கொடுத்தது என்று தெரியவில்லை. உன் அம்மா பக்கத்தில் யாருக்கும் கிடையாது.

என் கழுத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். உன் கதையைப் பார்.

அப்பா


மார்ச் 15

அப்பா,

முடியாது.

கழுத்து என்று நான் எழுதவே இல்லை. டாக்டர் என்றுதான் எழுதினேன்.

மகள்


மார்ச் 24

மகளுக்கு,

விசாரணை முடிந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் என் பக்கத்தில் நடந்து வந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் வந்ததும் என் பையை வாங்கி ஏற்றிவிட்டு அப்படியே திரும்பிப் போனாய். கண்டபடி திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வழி நெடுக பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வர வேண்டாம் என்றாய், வந்தேன். கூப்பிடாத இடத்துக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் வந்தேன். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சேறு அப்பிய பூட்ஸுகளை அங்கேதான் வரிசையாகக் கழற்றி வைத்திருந்தார்கள், நாற்றம் தாங்கவில்லை. உள்ளே நீ பேசுவது கேட்டது. "நானாத்தான் இறங்கினேன். அப்பாதான் ஓட்டினார். நல்லா ஓட்டினார். தப்பு என்னுடையது மட்டும்தான்" என்றாய்.

நல்லா ஓட்டினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை நாளாக யார் யாரோ கை தட்டினபோது இனித்தது. நீ சொன்னதும் நெஞ்சில் குத்தியது. உனக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியுமே. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததற்கு அதுதான் காரணம். உன்னைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நான் வரவில்லை.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஊசி குத்தின பெரிய வரைபடம். உன் அதிகாரி "யார் இவரை உள்ள விட்டது?" என்று சத்தம் போட்டார். நான் அதைவிடச் சத்தமாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நீயே கேட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், ஒருதரம் என் கையால் எழுதினால்தான் எனக்கு ஆறும். ரிவர்ஸ் எடுத்தபோது பின்னால் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைப் பின்சீட்டில் இருந்த காமிராக்காரர் பை மறைத்திருந்தது. திரும்பிப் பார்க்கலாம் என்றால் என் கழுத்து திரும்பாது. ஒரு வருஷமாகத் திரும்புவதில்லை. வளைவும் தெரியவில்லை, ஓடையும் தெரியவில்லை. என் மகள் ஒடிக்கச் சொன்னபோது ஒடித்தேன், நேராக்கச் சொன்னபோது நேராக்கினேன். கை என்னுடையது, கால் என்னுடையது. வண்டியை ஓட்டியது அவள். இதைத்தான் சொன்னேன்.

அந்த மூன்று பேரில் நடுவில் இருந்த அதிகாரி அம்மாள் நம்பவில்லை. என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "எங்க, திரும்பிக் கதவைப் பாருங்க" என்றார். நாற்காலியோடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்பித்தான் என்னால் பார்க்க முடிந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

எங்கள் டிப்போவில் விபத்தே பார்க்காத ஆள் என்று எனக்குப் பெயர். அந்த அறையில் அது போய்விட்டது. போகட்டும். மூன்று அந்நியர்கள் முன்னால் எனக்குப் பின்னால் தெரியாது என்று ஒப்புக்கொண்ட பிறகு, திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை எப்படிப் பின்னால் உட்கார வைப்பேன்? பள்ளிக்கூடத்துக்குப் போய் வேன் சாவியைக் கொடுத்துவிட்டேன். கேட்டாயே, அடிக்கொருதரம், எப்போது விடுவீர்கள் என்று. விட்டாகிவிட்டது. திருப்திதானே?

வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா நடக்கும்போது என்னைச் சுற்றிக்கொண்டு போகிறாள், மேஜையைச் சுற்றிப் போகிற மாதிரி. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உன் மேல்தான் வருகிறது. அன்றைக்கு நீ மட்டும் அந்த இடத்தில் நிறுத்தாமல் இருந்திருந்தால்.

அப்பா


ஏப்ரல் 2

அப்பா,

யார் கேட்டது உங்களை?

பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் பேசாததற்குக் காரணம், வாயைத் திறந்தால் நடுரோட்டில் நின்று அழுதுகொண்டே கத்தியிருப்பேன். இப்போது எழுதுகிறேன், அதுவும் கோபத்தில்தான்.

எனக்குத் தெரியும். உங்கள் கழுத்து திரும்பாது என்று எனக்கு முதலிலேயே தெரியும். நீங்கள் வந்து இறங்கிய அன்றே தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கி நின்றீர்கள். நான் பக்கத்திலிருந்து "அப்பா" என்று கூப்பிட்டேன். நீங்கள் தலையைத் திருப்பவில்லை. பெட்டியைக் கீழே வைத்து, காலை நகர்த்தி, முழு உடம்போடு திரும்பி, அதற்குப் பிறகு சிரித்தீர்கள். பக்கத்துச் சீட்டில் உங்களை உட்கார வைத்ததே அதனால்தான், திரும்பாமலே எல்லாம் தெரியட்டும் என்று. தெரிந்துகொண்டுதான், அந்த வளைவில், "நீங்களே ஓட்டுங்க" என்று சொன்னேன். உங்களுக்கு முடியாது என்று தெரிந்தே சொன்னேன். சொன்ன வாயை என்ன செய்வது?

அன்றைக்கு ஜீப்பின் முன்பக்கம் ஏற எனக்கு நேரம் இருந்தது. நீங்கள் விட்டு நகர்ந்த சீட்டு காலியாகத்தான் இருந்தது. நான் ஏன் பின்னால் ஏறினேன் என்று இத்தனை கடிதத்தில் ஒருதரமாவது யோசித்தீர்களா? "நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் நான் எடுத்திருப்பேன்" என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைக் கசக்கி எறிந்து, மறுபடி எடுத்து நீவி வைத்தேன்.

விசாரணையில் இதை நான் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பின்னால் தெரியாது, நான் சொல்லிச் சொல்லித்தான் வண்டி வந்தது, அந்த நேரத்தில் வண்டி என் பொறுப்பில்தான் இருந்தது என்று ஒரே வரி. எனக்குப் பாதி தப்பு அங்கேயே கழிந்திருக்கும். ஆனால் உங்கள் வேன் போயிருக்கும். "டிரைவர் தாத்தா" போயிருப்பார். வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்துவிட்டு, வேனில் ஏறுகிற அந்தப் பிள்ளைகளை நினைத்துத் தினமும் எழுத உட்கார்ந்தேன். எழுதவும் முடியாமல், விடவும் முடியாமல் கடிதத்துக்குக் கடிதம் வேன், வேன் என்று அரித்துக்கொண்டிருந்தேன். விசாரணை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, உங்களைத் தனியாக உட்கார வைத்து, மெதுவாகச் சொல்ல நினைத்திருந்தேன். யாருக்கும் தெரியாமல், நீங்களாகவே விட்டதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மூன்று பேர் முன்னால், நாற்காலியோடு திரும்பிக் காட்டினீர்கள். நான் பொத்திப் பொத்தி வைத்ததை எல்லாம் அந்த மேஜை மேல் கொட்டிவிட்டுப் போனீர்கள். எதையாவது என் கையில் விட்டு வைக்கவே மாட்டீர்களா?

தீர்ப்பு வந்துவிட்டது. என் அனுமதி ரத்து இல்லை. இந்தப் பருவம் முழுக்க வண்டி கிடையாது. மழை விட்டதும் மறுபடி தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, சாவியை வாங்கிக்கொள்ளலாம். இறங்கியதற்குத் தண்டனை, சத்தம் கொடுத்ததற்கு மன்னிப்பு என்று அந்த நடுவில் இருந்த அதிகாரி அம்மாள் சொன்னார். உங்களுக்கு ஆயுள் முழுக்கத் தடை. பூங்காவின் எந்த வாசல் வழியாகவும் உள்ளே வர முடியாது. எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

அதைப் படித்துவிட்டு கடையில் போய் உட்கார்ந்தேன். ஒரு குடும்பம் பஞ்சு யானை வாங்கிப் போனது. மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்தேன். இனிமேல் என் ஜீப்பில் யாரும் இல்லாத பிரேக்கை மிதிக்க மாட்டார்கள். மேட்டில் "ஸ்ஸ்" என்று சத்தம் வராது. நான் எத்தனை நல்லா ஓட்டினாலும், எத்தனை மோசமா ஓட்டினாலும், உள்ளே வந்து பார்க்க உங்களால் முடியாது. அன்றைக்குக் காலை முழுக்க நான் வேண்டிக்கொண்டதே இதுதான், இந்த மனுஷன் இனி என் வண்டியில் ஏறவே கூடாது என்று. நடந்துவிட்டது. என் மேல் கோபம் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு இருக்கிற கோபத்தில் பாதிகூட உங்களுக்கு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கழுத்து டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தவரிடம் கார் கேட்டிருக்கிறேன். நான் ஓட்டுகிறேன். நீங்கள் பின்னால் உட்காரக் கூடாது. முன்னால், என் பக்கத்தில் உட்காருங்கள். வழி நெடுகத் திட்டிக்கொண்டே வாருங்கள்.

மகள்